நாற்றுக்கு முன் நீர்மட்டம்: அலையாத்திக் காட்டின் கார்பன் கணக்கு

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 26 நெருங்கினால் கடலோர மாவட்டங்களில் ஒரே காட்சிதான். உலக அலையாத்திக் காடுகள் நாள். பேனர், தொப்பி, ஆளுக்கு ஒரு சுரபுன்னை நாற்று, முழங்கால் அளவு சேறு, படம். அடுத்த கோடையில் அதே இடத்துக்குப் போய்ப் படம் எடுப்பவர் யாருமில்லை. கார்பன் சேமிப்பு, பல்லுயிர்ப் பாதுகாப்பு என்று பேசும் எல்லாத் திட்டங்களிலும் நட்ட நாற்றுகளின் எண்ணிக்கைதான் முதல் வரியில் இருக்கிறது. அலையாத்தியைப் பொறுத்தவரை அந்த எண் ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய எண்கள் வேறு: தரை மட்டம் எவ்வளவு, ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) எத்தனை நாள் ஏறுகிறது, மே மாதத்தில் மண்ணின் உப்பு எவ்வளவு.

முத்துப்பேட்டையையும் பிச்சாவரத்தையும் வைத்துப் பேசுகிறேன். இந்திய வன அளவைத் துறையின் 2021 அறிக்கைப்படி தமிழ்நாட்டின் மொத்த அலையாத்திப் பரப்பு 45 சதுர கிலோமீட்டர். நாடு முழுவதும் 4,992. நம்மிடம் இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால்தான் இருப்பதைக் காப்பதற்கும், இழந்ததை மீட்பதற்கும், புதிதாக நடுவதற்கும் உள்ள வேறுபாடு நமக்கு முக்கியம். மூன்றுக்கும் ஒரே பட்ஜெட் தலைப்பு என்றாலும், கார்பன் கணக்கில் மூன்றும் வெவ்வேறு.

கார்பன் எங்கே இருக்கிறது?

பாதி திறந்த குழாய்த் துளைப்பானை வெண்கண்டல் என்ற அலையாத்தி மரக் காட்டுக்குள் ஒரு மீட்டர் இறக்கித் திருகி மெதுவாக உருவிப் பாருங்கள். மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் பழுப்பு. அதற்குக் கீழே சாம்பலும் கருப்பும் கலந்த வழவழப்பான களி, அழுகிய முட்டை வாடை. நடுவில் நூல் நூலாகப் பழைய வேர்கள், அறுபது சென்டிமீட்டர் ஆழத்திலும் நாரோடு, விரலால் இழுத்தால் பிரியாமல். உயிருள்ள வேரைச் சுற்றி மட்டும் துருப்பிடித்த மாதிரி செம்பழுப்பு வளையம்: மூச்சுவேர் வழியே இறங்கிய ஆக்சிஜன் அங்கே இரும்பைத் தொட்டிருக்கிறது. மற்ற இடத்தில் ஆக்சிஜன் கிடையாது. அதனால்தான் வேர் மக்கவில்லை. இந்த மக்காமையைத்தான் கார்பன் சேமிப்பு என்கிறோம்.

பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசாங்கக் குழு (ஐ.பி.சி.சி.) 2013-ல் வெளியிட்ட ஈரநிலக் கணக்கீட்டு வழிகாட்டி, சொந்த அளவீடு இல்லாதவர்கள் எடுத்துக்கொள்ள மூன்று பொது எண்களைத் தருகிறது. அலையாத்தி மண்ணின் மேல் ஒரு மீட்டரில் ஹெக்டேருக்கு 386 டன் கார்பன். காடு நன்றாக இருந்தால் மண்ணில் ஆண்டுக்கு 1.62 டன் சேரும். வடித்து உலர்த்தினால் ஆண்டுக்கு 7.9 டன் போகும். கார்பனை 3.67-ஆல் பெருக்கினால் கார்பன்டை ஆக்சைடு. அப்படிப் பார்த்தால் 386 டன் என்பது ஏறக்குறைய 1,400 டன்.

1.62, 7.9 என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓர் ஆண்டு வடிந்தால் போவதைச் சேர்க்க ஐந்து ஆண்டு வேண்டும். ஆகவே நூறு ஹெக்டேர் புதிதாக நட்டுவிட்டு, வேறோர் இருபது ஹெக்டேருக்குப் ஓதம் போகும் வாயை ரோடு போட்டு அடைத்தால், மண் கணக்கில் மிச்சம் எதுவும் இல்லை.

கடல்நீர் ஏறுவதில் இன்னொரு சாதகம் உண்டு. நன்னீர்ச் சதுப்புகள் மீத்தேன் விடும். கடல்நீரில் உள்ள சல்பேட் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களை அடக்கிவிடும். உப்பு ஆயிரத்துக்கு 18-க்கு மேல் இருந்தால் மீத்தேனை பூஜ்யமாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது அதே வழிகாட்டி. கடல்நீர் 35. ஓதம் தடையின்றி ஏறும் இடத்தில் இந்தக் கவலை இல்லை. ஓதத்தை அடைத்து மழைநீரை மட்டும் தேக்கினால் அதே இடம் மீத்தேன் விடும் குளமாகிவிடலாம்.

தொட்டி எப்படி உருவானது?

பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் காட்டின் நடுவே பெரிய பெரிய வெட்டவெளிகள் உண்டு. கோடையில் வெள்ளைப் பொருக்கு, மழைக்காலத்தில் கணுக்கால் தண்ணீர். ஊரார் விறகு வெட்டியே அழித்துவிட்டார்கள் என்பது நெடுங்காலம் சொல்லப்பட்ட விளக்கம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990-களில் செய்த ஆய்வுகள் வேறு காரணத்தைக் காட்டின. பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை, காட்டைப் பத்தை பத்தையாகப் பிரித்து, ஒரு பத்தையை முழுசாக மொட்டையடித்து வெட்டும் முறை இருந்தது. வெட்டிய இடத்தில் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. ஈரம் ஆவியானது, மண்ணில் இருந்த வேர்ப்பொருள் மக்கியது, தரை அமுங்கியது. சுற்றிலும் மரம் இருந்த இடம் உயரத்திலேயே நின்றது. நடுவில் ஆழமில்லாத தொட்டி. பெரிய ஓதத்தில் உள்ளே வரும் தண்ணீர் திரும்பிப் போக வழியில்லாமல் நின்று வற்றுகிறது. ஒவ்வொரு முறையும் உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகிறது. சில ஆண்டுகளில் உப்பு கடல்நீரின் இரு மடங்கைத் தாண்டுகிறது. வெண்கண்டலே உப்புக்கு அசராத மரம்தான், ஆனால் அதன் நாற்றும் அங்கே பிடிக்காது.

தரை தாழ்ந்ததில் ஒரு பங்கு காய்ந்து இறுகியதால், ஒரு பங்கு கார்பன் வெளியேறியதால். தொட்டியின் ஆழமே பழைய இழப்பின் அளவுகோல்.

மேலே வரும் நன்னீரும் குறைந்துவிட்டது. 1934-ல் மேட்டூர் அணை வந்தபின், காவிரிப் படுகையின் கடைக்கோடியில் இருக்கும் முத்துப்பேட்டைக்கு நன்னீர் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையில்தான். பாமணியாறு, கோரையாறு, மரக்காக்கோரையாறு, கிளைதாங்கியாறு, கந்தபரிச்சானாறு எல்லாம் அப்போதுதான் ஆறாக இருக்கின்றன. இன்று அங்கே கிட்டத்தட்ட எல்லாமே வெண்கண்டல் மயமாக இருப்பதற்கு உப்பைத் தாங்கும் அதன் குணமே காரணம்.

முதலில் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும்

வெட்டவெளியைப் பார்த்ததும் வாய்க்கால் வெட்ட ஆள் கூப்பிடக் கூடாது. அந்த இடத்தில் எப்போதாவது காடு இருந்ததா என்பதுதான் முதல் கேள்வி. பழைய வன வரைபடம், செயற்கைக்கோள் படங்களின் பழைய ஆண்டுகள், அறுபது வயதைத் தாண்டிய மீனவர்கள், மூன்றையும் ஒப்பிட வேண்டும். மண்ணைத் துளைத்துப் பார்த்தால் பழைய வேர் நார் இருக்கிறதா இல்லையா என்பதே பெரும்பாலும் தீர்ப்பு சொல்லிவிடும். இல்லையென்றால் அது இயல்பான உவர்ச் சமவெளி. அதை அப்படியே விடுவதுதான் பாதுகாப்பு.

அடுத்தது மட்டம். விலை உயர்ந்த கருவி இல்லாவிட்டால் கொத்தனார் வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலே போதும். உயிருள்ள வெண்கண்டல் நிற்கும் தரையில் ஒரு புள்ளி, வெட்டவெளியில் ஒரு புள்ளி, அருகிலுள்ள ஓடையின் கரை, ஓடையின் அடி. பதினைந்து இருபது மீட்டர் தாண்டித் தாண்டி எடுத்துக்கொண்டு போய், வந்த வழியே திரும்பித் தொடங்கிய புள்ளியில் முடிக்க வேண்டும். முடிவில் வித்தியாசம் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் மறுபடியும் எடுக்க வேண்டியதுதான். ட்யூபில் காற்றுக்குமிழி இருந்தால் எல்லாமே பொய். பாக் நீரிணைப் பக்கம் ஓத ஏற்ற இறக்கம் மிகக் குறைவு என்பதால் பத்து சென்டிமீட்டர் பிழை என்பது காட்டுக்கும் பொட்டலுக்கும் உள்ள வித்தியாசம். குஜராத்திலோ சுந்தரவனத்திலோ இந்தப் பிழை மன்னிக்கப்படும்.

ஓதம் எவ்வளவு ஏறுகிறது என்பதற்கு, ஒரு மூங்கில் கழியில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் சிறு மருந்துப் புட்டிகளை வாய் மேலே இருக்கும்படி கட்டி ஊன்றிவிடலாம். அமாவாசை, பௌர்ணமி ஓதம் கழிந்து போய்ப் பார்த்தால், நிரம்பிய புட்டிகளில் மேலே இருப்பதுதான் அன்றைய உச்சம். மழை பெய்தால் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்வதும் தவறு: நம் கரையில் கடல்மட்டமே வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உயர்ந்தும் கோடையில் தாழ்ந்தும் இருக்கும். நவம்பரில் தண்ணீர் ஏறும் வாய்க்கால் ஏப்ரலில் வறண்டு கிடக்கும். வடிவமைப்பு ஏப்ரலுக்கு.

உப்புக்கு ரிஃப்ராக்டோமீட்டர், ஒளி விலகலை வைத்து உப்பை அளக்கும் கைக்கருவி. மேலே நிற்கும் தண்ணீரை அளந்து பயனில்லை. முப்பது சென்டிமீட்டர் குழி தோண்டி, ஊறிவரும் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, ஒரு சொட்டு. பெரும்பாலான கருவிகள் 100 வரைதான் காட்டும். மே மாதப் பொட்டலில் அளவுக்கோடு அந்த எல்லையில் போய் முட்டினால் நல்ல தண்ணீர் சம அளவு கலந்து எடுத்து இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம். டிசம்பர் அளவை மட்டும் வைத்துக்கொண்டு “உப்பு சரியாக இருக்கிறது, நாற்றுதான் மோசம்” என்று எழுதிய அறிக்கைகள் உண்டு. மழை கழுவிய நேரத்தில் அளந்தால் எந்தப் பொட்டலும் நல்ல பிள்ளைதான்.

மீன்முள் வாய்க்கால்

முத்துப்பேட்டை மீனவர்கள் லகூனிலிருந்து (கடலோர உப்பங்கழியிலிருந்து) உள்ளே வாய்க்கால் வெட்டி மீன் பிடிப்பது பழைய வழக்கம். அந்த வாய்க்கால்களின் இரு கரையிலும் கண்டல் தானாக முளைத்து வரிசைகட்டி நின்றது. தண்ணீர் போய்வந்தால் காடு வரும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. பின்னால் வந்த மீன்முள் வாய்க்கால் முறை இதன் ஒழுங்குபடுத்திய வடிவம்.

இயற்கை ஓடையிலிருந்து சுமார் 45 பாகை சாய்வில் முதன்மை வாய்க்கால். அதிலிருந்து இருபுறமும் சுமார் 30 பாகையில் கிளைகள், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் பன்னிரண்டு பன்னிரண்டரை மீட்டர் இடைவெளி. செங்குத்தாக வெட்டினால் உள்ளே வரும் தண்ணீர் முட்டி வண்டலைச் சந்திப்பிலேயே போட்டுவிடும், சாய்வாக இருந்தால் வேகம் குறையாமல் வரும், போகும். குறுக்குவெட்டு மேலே அகலம், கீழே குறுகல்: முதன்மை வாய்க்கால் மேலே 3 மீட்டர், அடியில் 1, ஆழம் 1, கிளை மேலே 2, அடியில் முக்கால், ஆழம் முக்கால். இவை தொடங்க உதவும் எண்கள். உண்மையான ஆழத்தை உங்கள் டியூப் லெவல்தான் சொல்ல வேண்டும்: கிளையின் அடி தொட்டியின் அடியைவிடத் தாழ்வு, முதன்மையின் அடி கிளையைவிடத் தாழ்வு, ஓடையின் அடி எல்லாவற்றையும்விடத் தாழ்வு. இந்த வரிசை ஓரிடத்தில் தவறினால் தண்ணீர் ஏறும், வடியாது. வடியாத வாய்க்கால் இன்னொரு தொட்டி.

ஆட்களை வைத்து மண்வெட்டியால் வெட்டுவதே நல்லது. பொக்லைன் ஏறி இறங்கிய தடம் சேற்றில் அமுங்கிப் பல ஆண்டு கிடக்கும். அதிலும் தண்ணீர் தேங்கும். வெட்டிய மண்ணைக் கரையில் நீளமாகப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அது வரப்பாகிவிடும், வாய்க்காலில் ஏறிய தண்ணீர் பக்கவாட்டில் பரவாது. அதோடு அந்த மேட்டில் உப்பு குறைந்ததும் முதலில் உமரி வரும், பின்னாலேயே சீமைக்கருவேலம் வரும். ஐந்தாறு மீட்டருக்கு ஓர் இடைவெளி விட்டு, மண்ணை மிகப் பள்ளமான இடங்களில் மெல்லிசாகப் பரப்ப வேண்டும்.

திட்ட அறிக்கைகளில் காணாத ஒரு கணக்கையும் இங்கே போட்டுவிடுவோம். 12.5 மீட்டர் இடைவெளி என்றால் ஹெக்டேருக்கு 800 மீட்டர் கிளை. அதன் குறுக்குவெட்டு ஏறக்குறைய 1 சதுர மீட்டர். எனவே 800 கன மீட்டர் மண். முதன்மை வாய்க்கால் நூறு மீட்டர் என்றால் இன்னும் 200. மொத்தம் ஆயிரம் கன மீட்டர். மண்ணின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.8 கிராம், கார்பன் 2 சதவீதம் என்று வைத்தால் கன மீட்டருக்கு 16 கிலோ. ஆயிரம் கன மீட்டரில் 16 டன் கார்பன். இதை வெளியே எடுத்து வெயிலில் போடுகிறோம். முழுவதும் மக்கினால், மீண்ட காடு ஆண்டுக்கு 1.62 டன் வீதம் அதைத் திருப்பிச் சேர்க்கப் பத்து ஆண்டு. கார்பன் இழந்த பொட்டலில் ஒரு சதவீதம்தான் இருக்கும் என்றாலும் ஐந்து ஆண்டு.

அதனால் வாய்க்கால் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தொட்டியில் வேறு வழியே இல்லாத இடங்கள் உண்டு. ஆனால் தூர்ந்த பழைய ஓடையின் வாயை இருபது மீட்டர் திறந்தால் தண்ணீர் வரும் என்றால், எண்ணூறு மீட்டர் வெட்டுவது வேலைநாள் கணக்குக்காக மட்டுமே. ஓடையில் விழுந்து கிடக்கும் மரம், சாலைக்கு அடியில் உயரத்தில் வைத்த குழாய், யாரோ மீன் பிடிக்கப் போட்டுவிட்டு எடுக்காமல் போன மண்தடுப்பு: இவற்றை ஒரு நாள் நடந்தே கண்டுபிடித்துவிடலாம்.

நடவு

கோடையில் வெட்டிய வாய்க்காலில் சில மாதம் ஓதம் ஏறி இறங்கட்டும். பருவமழை தொடங்கி, குழித்தண்ணீரின் உப்பு கடல்நீர் அளவுக்கு இறங்கியபின் நடவு. வெண்கண்டல் காய்களும் அப்போதுதான் விழும். விழுந்த காயை ஒரு நாள் தண்ணீரில் போட்டால் தோல் தானே கழன்று மடித்த இரண்டு பருத்த இலைகள் வெளியே வரும். தோலைக் கையால் உரிக்க வேண்டாம், வேர்முனை முறிந்துவிடும். துளை விழுந்தவற்றைத் தள்ளிவிட வேண்டும், உள்ளே புழு இருக்கும். சுரபுன்னையின் முளைத்த காய் முருங்கைக்காய் போல மரத்திலேயே தொங்கும். மேல் முனையில் மஞ்சள் வளையம் தெரிந்து, லேசாகத் திருப்பினால் கையோடு வருவதே முற்றியது. பச்சையாகப் பறித்ததை நட்டால் ஒரு மாதம் நின்றுவிட்டு அழுகும். நடும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புதைக்காதீர்கள்.

நட வேண்டிய இடம் வாய்க்காலின் சரிவின் நடுப்பகுதி, ஓதம் ஏறும்போது ஒரு சாண் தண்ணீர் நின்று இறங்கும்போது முழுவதும் வடியும் மட்டத்தில். அடியில் நட்டால் மூழ்கும், மேட்டில் நட்டால் உப்பில் கருகும். ஒன்றரை இரண்டு மீட்டருக்கு ஒன்று போதும். ஹெக்டேருக்குப் பத்தாயிரம் என்று திட்டத்தில் எழுதியிருந்தால் அது நாற்றங்கால் ஒப்பந்தத்துக்காக எழுதியது. தண்ணீர் சரியாக வந்தால் இடைவெளியை மிதந்து வரும் காய்கள் தாமே நிரப்பும். அப்படித் தாமாக வந்த நாற்றுகளின் எண்ணிக்கைதான் மீட்பு வேலை பலித்ததா என்பதற்கு என் முதல் அளவுகோல்.

சாகும் காரணங்களில் ஆடு மாடு முதலிடம். வெண்கண்டல் இலை கால்நடைக்குப் பிடித்த தீனி. மூன்று ஆண்டு வேலியோ காவலோ இல்லாமல் கரையோர நடவு நிற்காது. அடுத்தது பச்சைப் பாசி: தேங்கிய தண்ணீரில் திரையாகப் படர்ந்து, வற்றும்போது நாற்றின் மேல் படுத்து அதைச் சாய்த்துவிடும். பாசி வந்தால் தண்ணீர் ஓடவில்லை என்று அர்த்தம், நாற்றைத் திட்டிப் பயனில்லை. தண்டில் கொட்டலசு என்ற சிறு ஓட்டுயிர் அடை அடையாக ஒட்டியிருந்தால் நட்ட மட்டம் மிகத் தாழ்வு. வண்டல் படிந்து வாய்க்கால் தூர்வது தவிர்க்க முடியாதது. இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை தூர்வாருவதற்குப் பணம் ஒதுக்காத திட்டத்தில் மரம் ஐந்தாம் ஆண்டில் நுனியிலிருந்து காயத் தொடங்கும். பிழைத்த விகிதத்தை மூன்றாம் மாதத்தில் எண்ணி 90 சதவீதம் என்று எழுதுவதில் அர்த்தமே இல்லை. முளைத்த காயில் உள்ள சேமிப்பிலேயே அது அத்தனை நாள் நிற்கும். மூன்று கோடை கழித்து எண்ணுங்கள்.

நடக் கூடாத இடங்கள்

லகூனின் ஓரத்தில் ஓதம் இறங்கினால் தெரியும் சேற்றுத்திட்டு பார்ப்பதற்குச் சும்மா கிடக்கும் நிலம் மாதிரி இருக்கும். ஆளில்லாத, வழக்கில்லாத, வேலி தேவைப்படாத நிலம் என்பதால் நடவு இலக்கு எல்லாம் அங்கேதான் போய் விழுகிறது. அந்தச் சேற்றில்தான் புழுவும் சிப்பியும் இருக்கின்றன. குளிர்காலத்தில் வரும் உள்ளான்களுக்கும் பூநாரைகளுக்கும் அதுதான் மேய்ச்சல். கிழக்கே தொட்டாற்போல் இருக்கும் கோடியக்கரை 2002-ல் ராம்சர் தலமானதற்கே (பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம்) வலசைப் பறவைகள்தான் முக்கியக் காரணம். அலையாத்தி இயல்பாக நிற்பது சராசரிக் கடல்மட்டத்துக்கு மேல். அதற்குக் கீழே ஊன்றிய சுரபுன்னைக் குச்சி பெரும்பாலும் சாகும். பிழைத்துவிட்டால் இன்னும் மோசம், மேய்ச்சல் நிலம் போய்விடும்.

கடற்புல் திட்டுகளும் அப்படியே. பாக் விரிகுடாவில் 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது. கடற்பசு தின்பது கடற்புல்லை. அந்தப் புல்லின் அடிமண்ணும் கார்பன் சேமிப்புதான். உப்பங்கழியில் வளரும் இறால், மடவை, கொடுவாக் குஞ்சுகள் அலையாத்தி வேரிடுக்கிலும் புல்வெளியிலும் மாறி மாறி வாழ்பவை. ஒன்றை அழித்து மற்றொன்றை நடுவதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

புயலுக்குப் பின்

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா, முத்துப்பேட்டைக் காட்டை மொட்டையாக்கிவிட்டது. இப்படி நேரும்போது அப்புறப்படுத்தும் அவசரம்தான் இரண்டாவது புயல். வெண்கண்டல் முறிந்த அடிமரத்திலிருந்தும் துளிர்க்கும். ஒரு பருவமழை முழுசாகக் கழியும் வரை தொடக் கூடாது. சுரபுன்னைக்கு அந்தத் திறன் இல்லை, பழைய கிளைகளில் உறங்குமொட்டு இருக்காது, இலையெல்லாம் போனால் மரமே போனது. அப்போதும் மரத்தை வேரோடு பிடுங்காமல், ஓடைகளில் குறுக்கே விழுந்தவற்றை மட்டும் வெட்டி ஒதுக்கினால் போதும். செத்த வேரும் சில ஆண்டு மண்ணைப் பிடித்திருக்கும். அதற்குள் புது நாற்று வராவிட்டால் தரை அமுங்கத் தொடங்கும்; மொட்டையடித்த பத்தைகளின் கதை மறுபடி. புயலுக்குப் பிந்தைய முதல் இரண்டு ஆண்டில் செலவழிக்க வேண்டியது ஓடைவாய் திறப்பதற்கும் மேய்ச்சலைத் தடுப்பதற்கும்தான்.

அளப்பது

கார்பனை அளக்க விரும்பும் கல்லூரித் துறைகளுக்குச் சுருக்கமாக: நீர்விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒரு கோடு, 25 மீட்டருக்கு ஒன்றாக ஆறு வட்டங்கள், ஆரம் 7 மீட்டர். மரத்தின் விட்டம் 1.3 மீட்டர் உயரத்தில். சுரபுன்னை என்றால், மிக உயரத்தில் உள்ள முட்டுவேருக்கு 30 சென்டிமீட்டர் மேலே. வெண்கண்டல் அடியிலேயே நாலைந்தாகப் பிரிந்திருந்தால் ஒவ்வொரு தண்டும் தனி மரம். உலர் எடைக்கு 2005-ல் வந்த பொதுச் சமன்பாடு: தரைக்கு மேல், 0.251 × மர அடர்த்தி × விட்டத்தின் 2.46 அடுக்கு, வேருக்கு 0.199 × அடர்த்தியின் 0.899 அடுக்கு × விட்டத்தின் 2.22 அடுக்கு. விட்டம் சென்டிமீட்டரில், விடை கிலோவில். 10 சென்டிமீட்டர் தண்டுக்கு, அடர்த்தி 0.65 என்றால், மேலே 47 கிலோ, வேர் 22 கிலோ. அதில் கார்பன் இரண்டும் சேர்ந்து 30 கிலோ. இப்படி ஆயிரம் தண்டு இருந்தாலும் ஹெக்டேருக்கு 30 டன்தான். மேலே சொன்ன 0.8 அடர்த்தி, 2 சதவீத மண்ணில் ஒரு மீட்டர் ஆழத்தில் ஹெக்டேருக்கு 160 டன். மரத்தை மட்டும் அளந்துவிட்டு வருவது பெட்டியை விட்டுவிட்டுப் பூட்டை எண்ணுவது.

மண்ணுக்கு 0–15, 15–30, 30–50, 50–100 என்று ஆழம் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் 5 சென்டிமீட்டர் துண்டு. 60 டிகிரி செல்சியஸில் எடை மாறாத வரை உலர்த்த வேண்டும். அதற்கு மேல் சூடாக்கினால் கார்பனும் கொஞ்சம் போகும். நம் கரையின் மண்ணில் சிப்பித்தூள் அதிகம். அமிலம் விட்டுச் சுண்ணாம்பை நீக்காமல் எரித்து அளந்தால் கார்பன் கூடுதலாகத் தெரியும். துளைப்பானை அடித்து இறக்கினால் மண் அமுங்கி அடர்த்தி ஏறிவிடும். குழிக்குள் இருக்கும் ஆழமும் குழாயில் வந்த நீளமும் ஒன்றாக இல்லாவிட்டால் அந்த மாதிரியைக் கொட்டிவிட்டு வேறு எடுங்கள்.

கரைக்கு உள்பக்கம்

கடல்மட்டம் உயர உயர அலையாத்தி உள்ளே நகர இடம் வேண்டும். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்திக்கு 50 மீட்டர் இடைப்பகுதி கொடுக்கிறது. 2019 அறிவிக்கையில் தனியார் நிலத்து அலையாத்திக்கு அந்த இடைப்பகுதி இல்லை. அந்த ஐம்பது மீட்டரில் பெரும்பாலும் இறால் குளமோ உப்பளமோ இருக்கிறது. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த, பாரம்பரிய முறையல்லாத இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது, 2005-ல் கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது, பண்ணைகள் தொடர்ந்தன.

கைவிட்ட குளங்கள்தான் மீட்புக்கு மிக மலிவான இடம். கரையை முழுவதும் தள்ளி மட்டமாக்க வேண்டியதில்லை. பழைய ஓடை எங்கே ஓடியதோ அந்த இடத்தில், குளத்தின் அடிமட்டம் வரைக்கும், இரண்டு மூன்று வாய் திறந்தால் போதும். அடிமட்டம் வரை என்பது முக்கியம்: பாதி உயரத்துக்கு உடைத்தால் தண்ணீர் நுழையும், மீதி நிற்கும், உப்பாகும். சாலைக் குழாய்களுக்கும் இதே விதி. நெடுஞ்சாலைப் பொறியாளருக்கு அது மழைநீர் வடிய வைத்த குழாய், அலையாத்திக்கு அது ஓதவாய். குழாயின் அடி ஓடையின் அடியைவிட உயரத்தில் இருந்தால் அமாவாசைக்கு மட்டும் தண்ணீர் வரும்.

சேமித்த கார்பனுக்குக் கார்பன் சான்றிதழ் விற்றுக் காசு பார்க்கலாமா என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஏற்கெனவே காப்புக்காடாக நிற்கும் காட்டை “காக்கிறோம்” என்று காட்டிச் சான்றிதழ் வாங்குவது கடினம். திட்டம் இல்லாவிட்டால் நடந்திருக்காத கூடுதல் சேமிப்புக்கு மட்டுமே மதிப்பு. சட்டம் ஏற்கெனவே காக்கச் சொல்வதைக் காத்ததற்குக் காசு கேட்க முடியாது. மீட்ட குளத்துக்குக் கேட்கலாம், ஆனால் பல பத்தாண்டு அளவீடும், தூர்வாரும் செலவும், இன்னொரு கஜா வந்தால் ஈடுகட்ட ஒதுக்கி வைக்கும் பங்கும் கழித்துத்தான் மிச்சம். பத்து ஹெக்டேர் வைத்திருப்பவருக்குத் தணிக்கைச் செலவுக்கே காணாது. 2023 மத்திய பட்ஜெட்டில் அலையாத்தி நடவுக்காக அறிவித்த மிஷ்டி திட்டமோ, வனத்துறையின் கிராமக் குழு ஒதுக்கீடோதான் இப்போதைக்குக் கைக்கு எட்டுவது. அதில் விண்ணப்பம் எழுதுபவர்கள் நாற்று எண்ணிக்கைக்கு மேலே மூன்று வரி சேர்க்கக் கேளுங்கள்: மட்ட அளவீடு, கோடை உப்பளவு, ஐந்தாம் ஆண்டு வரை தூர்வாரும் தொகை.